சுவிசேஷம் கேளாதார் இரட்சிப்பு

இயேசு கிறிஸ்துவின் நாமத்தைக் காதால் கேட்கவும் வாய்ப்பின்றிப் பிறந்து, வாழ்ந்து, மாண்டுபோன மாந்தரின் ஆத்தும கதி யாது என்பதும், அவர்கள்பால் தேவனுடைய இரக்கம் எவ்வாறு செல்லும் என்பதும் கிறிஸ்தவ வேதசாஸ்திரத்தில் தொன்றுதொட்டு ஆராயப்பட்டுவரும் விஷயங்களாம். எல்லா மனிதரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்பது தேவ சித்தம் என்று பவுலின் பெயரால் வழங்கும் நிருபம் ஒன்று கூறுகிறது. கேள்விப்படாதவர்கள் எவ்வாறு விசுவாசிப்பார்கள், பிரசங்கிக்கிறவன் இல்லாமல் எவ்வாறு கேள்விப்படுவார்கள் என்று ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தில் அவரே வினவுகிறார். முன்னது இரக்கத்தின் அகலத்தையும், பின்னது பிரசங்கத்தின் அவசியத்தையும் பேசுகின்றன. இவ்விரண்டில் ஒன்றை மாத்திரம் கைக்கொண்டு மற்றதைக் கைவிட்டோர் வரலாற்றில் பலர். ஆயினும் இரண்டையும் ஒருங்கே பற்றிக்கொண்ட ஆசிரியர்களே இப்பொருளை ஆழமாகக் கண்டவர்கள் என்று சொல்லத் தகும். கல்விக்கூடங்களில் நுண்ணிய தர்க்கமாக நிகழ்ந்த இவ்விசாரணை, புதிதாக ஞானஸ்நானம் பெற வந்தவர்கள் தங்கள் முன்னோரை நினைத்துக் கேட்ட கேள்வியால்தான் ஒவ்வொரு காலத்திலும் உயிர்பெற்றது.

வேதாகமத்தில் இதற்கு ஆதாரமான பகுதிகள் பலவற்றுள் யோனாவின் சரித்திரம் தலைசிறந்தது. இஸ்ரவேலை நெருக்கி வந்த அசீரியருடைய மாநகரமாகிய நினிவேக்குப் போய்ப் பிரசங்கிக்குமாறு கட்டளை பெற்ற அத்தீர்க்கதரிசி, அதற்கு எதிர்த்திசையில் தர்ஷீசுக்குக் கப்பலேறியதற்குக் காரணம் அச்சம் அன்று. தேவன் இரக்கமும் மனவுருக்கமும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்பதை அறிந்தமையால், பகைவர் மனந்திரும்பி மன்னிப்புப் பெற்றுவிடுவார்களே என்ற மனத்தாங்கலேயாம். நினிவே மனந்திரும்பியது, யோனா கோபங்கொண்டான். தனக்கு நிழல் தந்த ஆமணக்குச் செடி ஒரே நாளில் பட்டுப்போனதற்காக வருந்தும் அவனிடம், வலக்கைக்கும் இடக்கைக்கும் வித்தியாசம் அறியாத 1,20,000 பேருக்கும் மேற்பட்டோரும் மிருகஜீவன்களும் உள்ள நகரத்துக்காகத் தாம் பரிதபிக்கலாகாதோ என்று தேவன் கேட்கும் வினாவோடு நூல் முடிகிறது. யோனா என்ன மறுமொழி சொன்னான் என்பது எழுதப்படவில்லை. பிரசங்கம் செய்பவனுடைய மனத்தைவிடப் பிரசங்கத்தை அனுப்பியவருடைய மனம் பெரிது என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டும் வேறு நூல் பழைய ஏற்பாட்டில் இல்லை.

அப்போஸ்தலருடைய நடபடிகளில் வரும் கொர்நேலியுவின் வரலாறும் இவ்விடத்துச் சிந்திக்கத்தக்கது. செசரியா பட்டணத்தில் இத்தாலியப் பட்டாளத்து நூற்றுக்கு அதிபதியாய் இருந்த அவன் யூதனல்லன். எனினும் அவனுடைய ஜெபங்களும் தருமங்களும் தேவ சந்நிதியில் எட்டின என்று தூதன் அறிவிக்கிறான். யோப்பாவில் தோல் பதனிடும் சீமோனுடைய கடலோர வீட்டின் மேல்தளத்தில் பசியோடிருந்த பேதுருவோ, நாலு முனையும் கட்டிய பெரிய துப்பட்டியில் சகலவித ஜீவன்களும் இறங்கக் கண்டு, தீட்டென்று மறுத்து, மும்முறை கடிந்துகொள்ளப்பட்ட பிறகே அந்நியனுடைய வாசற்படியை மிதிக்கத் துணிந்தான். இச்சரித்திரத்தில் மனமாற்றம் அடைந்தவன் கொர்நேலியு மாத்திரம் அல்லன், பேதுருவும் அடைந்தான் என்று வியாக்கியானிகள் கூறுவது முற்றும் பொருந்தும். ஆயினும் கொர்நேலியுவுக்குப் பிரசங்கம் வேண்டாததாகிவிடவில்லை என்பதையும் கவனித்தல் வேண்டும்: தேவன் முன்னரே அவனை அங்கீகரித்திருந்தும் பேதுருவை அவனிடத்திற்கு அனுப்பினார்.

இரண்டாம் நூற்றாண்டில், சமாரியாவில் பிறந்து தத்துவஞானியின் அங்கியைக் களையாமலே கிறிஸ்தவரான ஜஸ்டின், தேவ வார்த்தை என்னும் வித்து மாந்தர் அனைவருள்ளும் விதைக்கப்பட்டிருக்கிறது என்றும், அவ்வார்த்தைக்கு இசைய வாழ்ந்த சாக்ரடீஸ், ஹெராக்ளிடஸ் முதலியோர் கிறிஸ்தவர்களே என்றும் எழுதினார். அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து, கிறிஸ்து பாதாளத்தில் இறங்கியபோது அங்கிருந்த புறஜாதியாருக்கும் நற்செய்தி அறிவிக்கப்பட்டது என்று கருதினார்.

இதற்கு மாறாகத் திருச்சபைக்குப் புறம்பே இரட்சிப்பில்லை என்ற வாக்கியம், 258-இல் இரத்தசாட்சியாய் மரித்த கார்த்தேஜ் நகரத்துச் சிப்ரியானிடமிருந்து வழங்கலாயிற்று. அவர் அதனை எழுதியது, கிறிஸ்துவை அறியாத தூரதேசத்தாரைப் பற்றியன்று. சபையைப் பிளந்து வெளியேறியவர்கள் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா என்ற வழக்கிலேயே அவர் அவ்வாறு எழுதினார். வீட்டை விட்டுப் போனவனுக்குச் சொன்ன எச்சரிக்கை, அவ்வீட்டின் திசையையே அறியாதவன்மேல் தீர்ப்பாக மாற்றப்பட்டது பின்னாளில் நேர்ந்த துயரம். ஆறாம் நூற்றாண்டின் ஃபுல்கென்சியு, புறச்சமயத்தார் யாவரும் நித்திய அக்கினிக்குச் செல்வர் என்று ஐயத்திற்கு இடமின்றி எழுதினார். 1442-இல் ஃபுளோரன்சு சங்கம் ஏறத்தாழ அவருடைய சொற்களையே தன் பிரகடனத்தில் சேர்த்துக்கொண்டது. சுவிசேஷம் உலகின் கடைசி எல்லைவரை எட்டிவிட்டது என்றும், எஞ்சியோர் வேண்டுமென்றே அதனைப் புறக்கணித்தவர் என்றும் ஐரோப்பா மெய்யாகவே நம்பியிருந்த காலம் அது.

அவ்விடைக்காலத்திலும் மனச்சாட்சி உறங்கிவிடவில்லை. 719-இல் இறந்த ஃபிரீசிய மன்னன் ராட்போடு, ஞானஸ்நானத் தொட்டியில் ஒரு காலை வைத்த நிலையில், தன் முன்னோர் எங்கிருக்கிறார்கள் என்று கேட்டானாம். நரகத்தில் என்று பதில் வரவே, அவர்களை விட்டுப் பிரிந்து தான்மட்டும் மோட்சம் புக விரும்பேன் என்று காலை எடுத்துக்கொண்டானாம். இஃது ஐதிகமே, ஆயினும் அதனைப் புனைந்து போற்றிவந்த துறவிகளின் நெஞ்சிலும் இவ்வினா முள்ளாய் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினா, காட்டில் ஓநாய்களிடையே வளர்ந்த ஒருவன் இயற்கை அறிவின்படி நன்மையை நாடுவானாயின், தேவன் அவனுக்கு உள்ளுணர்வால் வேண்டியதை வெளிப்படுத்துவார், அல்லது கொர்நேலியுவுக்குப் பேதுருவை அனுப்பியதுபோல ஒரு போதகரை அனுப்புவார் என்று விடையிறுத்தார். தாந்தேயின் காவியத்தில் இவ்வினா நம் நாட்டையே தொட்டு எழுகிறது: கிறிஸ்துவைப் பற்றிப் பேசுவாரும் எழுதுவாரும் இல்லாத சிந்து நதிக்கரையில் ஒருவன் பிறக்கிறான், அவன் சொல்லிலும் செயலிலும் குற்றமில்லை, விசுவாசமின்றி இறக்கும் அவனைத் தண்டிக்கும் நீதி எது என்று பரலோகக் காண்டத்தில் கேட்கப்படுகிறது. நீதிமான்களின் ஒளிகள் கூடி அமைந்த கழுகு அக்கேள்விக்கு நேர்விடை தராமல் தேவ நீதியின் ஆழத்தைச் சுட்டுகிறது. அடுத்த சருக்கத்திலோ, புறச்சமயத்து மன்னன் திராயானும், திராய் நகரத்து ரிஃபேயுவும் அக்கழுகின் கண்ணருகே சுடர்களாய் விளங்கக் காண்கிறோம்.

அமெரிக்கா ஐரோப்பியருக்குத் தெரியவந்த 1492-க்குப் பின்னர், சுவிசேஷம் எங்கும் எட்டிவிட்டது என்ற எண்ணம் ஒரே தலைமுறையில் சிதைந்தது. சலமன்காப் பல்கலைக்கழகத்தில் 1539-இல் பிரான்சிஸ்கோ தே வித்தோரியா நிகழ்த்திய விரிவுரையில், கேள்விப்படாதவனுடைய அவிசுவாசம் பாவமாகாது என்றும், வெறும் அறிவிப்பை மாத்திரம் கேட்டு உடனே நம்பாதவனைக் குற்றவாளியாக்கலாகாது என்றும், நம்ப மறுத்தாலும் அதன்பொருட்டு அவன்மேல் போர்தொடுப்பது நியாயமன்று என்றும் அவர் நாட்டினார். அமெரிக்க இந்தியரிடையே கேள்விப்படுவன அற்புதங்களும் பரிசுத்த வாழ்க்கையும் அல்ல, கொடுமைகளே என்பதையும் அவர் மறைக்கவில்லை. அறிவிப்பவனுடைய நடத்தை கேட்பவனுடைய பொறுப்பைக் குறைக்கும் என்ற இக்கருத்து, சுவிசேஷ ஊழியத்தைக் குறித்து எழுதப்பட்டவற்றுள் மிகுந்த நேர்மையுடையது.

முன்னோரின் கதி யாது என்னும் கேள்வியை மனிதர் கண்ணீரோடு கேட்ட சந்தர்ப்பம் ஜப்பானில் நிகழ்ந்தது. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியார் 1549 ஆகஸ்டு 15-இல் ககோஷிமாவில் கரையிறங்கினார். அந்நாட்டை விட்டுத் திரும்பியபின் 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவிலுள்ள தம் சபையாருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் அச்செய்தியைப் பதிந்திருக்கிறார். யாமகுச்சி நகரத்தார், தேவன் அத்துணை இரக்கமுள்ளவராயின் தங்களுக்கு ஏன் இத்தனை காலமும் தம்மை வெளிப்படுத்தவில்லை என்று வாதிட்டனர். கொலை, களவு, பொய்ச்சான்று ஆகியன தீயவை என்பதை எந்தச் சாஸ்திரமும் கற்பிக்காமலே மனிதர் அறிந்திருந்தார்கள் அல்லவா, ஆகையால் தேவனுடைய பிரமாணம் எல்லா மதங்களுக்கும் முன்னரே உள்ளத்தில் இருந்தது என்று சவேரியார் விடை கூறினார். அவ்விடை அவர்களை ஓரளவு திருப்திப்படுத்திற்று. ஆனால் இறந்துபோன பெற்றோரையும் மனைவி மக்களையும் தானத்தாலும் ஜெபத்தாலும் விடுவிக்க இயலுமோ என்று அவர்கள் கேட்டபோது, நரகத்தினின்று மீட்பு இல்லை என்றே அவர் சொல்ல நேர்ந்தது. அதைக் கேட்டு அவர்கள் ஓயாது அழுதார்கள் என்றும், தாம் நேசிக்கும் நண்பர்கள் அவ்வாறு பரிகாரமற்ற ஒன்றுக்காக அழுவதைக் காணத் தமக்கும் துக்கமாயிருந்தது என்றும் அவர் எழுதுகிறார். தம் முதல் விடையில் தாமே ஒப்புக்கொண்ட உள்ளத்துப் பிரமாணத்தை இரண்டாம் விடையிலும் அவர் நினைந்திருப்பாராயின், அம்மக்களுக்குச் சொல்ல இன்னும் சில வார்த்தைகள் இருந்திருக்கும். அக்குவினாவின் நூலும் அதற்கு இடங்கொடுத்திருக்கும். அக்கடிதம் எழுதிய ஆண்டிலேயே, டிசம்பர் 3-இல், சீனத்தின் கரையோரத் தீவொன்றில் அவர் காலமானார்.

சீர்திருத்தச் சபைகளிலும் ஒருமித்த கருத்து இருந்ததில்லை. சூரிக்கின் சுவிங்லி 1531-இல் பிரெஞ்சு மன்னனுக்கு எழுதிய விசுவாச விளக்கத்தில், பரலோகத்தில் காணவிருக்கும் சான்றோருள் சாக்ரடீஸையும் கேட்டோவையும் சேர்த்தெண்ண, லுத்தர் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். 1646-இல் முடிவுற்ற வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, இயற்கையின் ஒளிக்கிசைய எத்துணை ஒழுங்காக நடப்பினும் கிறிஸ்தவ சமயத்தை ஏற்காதவர் இரட்சிக்கப்படார் என்று விதித்தது. ஓயாத பிரசங்கியாகிய ஜான் வெஸ்லியோ, தம் இறுதிக்காலத்துப் பிரசங்கம் ஒன்றில், புறச்சமயத்தார்மேல் ஆக்கினைத்தீர்ப்புக் கூறத் தமக்கு அதிகாரமில்லை, அவர்களைப் படைத்தவரிடமே விட்டுவிடுவது மேல் என்று உரைத்தார். இரக்கத்தை விரித்தால் ஊழியம் குன்றிவிடும் என்று அஞ்சுவோர்க்கு வெஸ்லியின் வாழ்க்கையே போதிய மறுமொழி.

இந்தியாவில் இவ்விவாதம் தனி உருவம் பெற்றது. 1706-இல் தரங்கம்பாடி வந்த மிஷனெரி சீகன்பால்கு, தமிழரோடு கடிதமூலம் சமய வினாவிடை நடத்தியதோடு, தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு விரிவான நூலும் எழுதினார். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவில் பரப்பலாகாது என்று அம்மிஷனை ஆதரித்த ஜெர்மானிய ஹாலே நகரத்தார் அந்நூலை அச்சிடாது விடுத்தமையால், 1867-இல்தான் அது சென்னையில் வெளிவந்தது. 1910-இன் எடின்பரோ உலக மிஷனெரி மாநாடு, பிற சமயங்களை அனுதாபத்தோடு கற்கவேண்டும் என்று வற்புறுத்தியது, 1913-இல் ஜே. என். ஃபார்க்குவார், இந்து சமயத்தின் உயர்ந்த நாட்டங்கள் கிறிஸ்துவில் நிறைவுறுகின்றன என்று நூலியற்றினார். 1938 டிசம்பரில் தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டிற்கென ஹாலந்து நாட்டு ஹெண்ட்ரிக் கிரேமர் எழுதிய நூல் இதனை மறுத்தது: மனிதனுடைய சமயங்கள் எல்லாம், அனுபவத்தில் காணும் கிறிஸ்தவமும் உட்பட, தேவ வெளிப்பாட்டின் தீர்ப்புக்கு உட்பட்டவை என்பது அவர் கட்சி. அக்கல்லூரியில் நெடுங்காலம் கற்பித்த ஏ. ஜி. ஹாக், இந்துக்களுள் தாம் கண்ட மெய்யான பக்தியைத் தேவனோடு கலந்த உறவன்றி வேறெதுவாகவும் கொள்ள இயலாது என்று எதிர்வாதம் செய்தார். சென்சையா, சக்கரை முதலிய இந்தியக் கிறிஸ்தவர்கள் அவ்வாண்டே வெளியிட்ட கட்டுரைத் தொகுதியும் கிரேமருக்கு விடையளித்தது. தம் முன்னோரின் சமயத்தை வீட்டிலும் இரத்த உறவிலும் அறிந்தவர்கள் எழுதியதாகலின், அத்தொகுதிக்கு மேனாட்டு நூல்களில் இல்லாத ஓர் உரிமை உண்டு.

கத்தோலிக்கத் திருச்சபையில், தன் குற்றமின்றி அறியாதிருப்பவன் தண்டனைக்குரியவனல்லன் என்பதை ஒன்பதாம் பத்திநாதர் 1863-இல் எடுத்துரைத்தார். பாஸ்டனில் லியோனார்டு ஃபீனி என்ற குரு, திருச்சபைக்குப் புறம்பே இரட்சிப்பில்லை என்ற பழைய வாக்கியத்தைக் கடுமையாகப் பொருள்கொண்டு போதித்தபோது, 1949-இல் ரோமாபுரி அதனைக் கண்டித்தது; அவர் 1953-இல் சபைக்குப் புறம்பாக்கப்பட்டு, 1972-இல் மீண்டும் சேர்க்கப்பட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல், தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதிருந்தும் நேர்மையான இருதயத்தோடு தேவனைத் தேடி, மனச்சாட்சியின்வழி அவர் சித்தத்தைச் செய்ய முயல்வோர் நித்திய இரட்சிப்பை அடையக்கூடும் என்று போதித்தது. மறு ஆண்டு வெளியான மறைபரப்புப் பணி பற்றிய விதித்தொகுப்பு, தேவன் தாமே அறிந்த வழிகளால் அத்தகையோரை விசுவாசத்திற்குக் கொண்டுவர வல்லவர் என்பதையும், பிரசங்கிக்கும் கடமையும் உரிமையும் சபைக்குக் குறையாமல் உண்டு என்பதையும் ஒரே வாக்கியத்தில் இணைத்தது. கத்தோலிக்க வேதசாஸ்திரி கார்ல் ரானர் இத்தகையோரைப் பெயரிடப்படாத கிறிஸ்தவர் என்றழைத்தார். பிற சமயத்தார் தாங்கள் விரும்பாத பெயரைத் தங்கள்மேல் சூட்டுவதாக அதனைக் கருதி வருந்தினர், அவ்வருத்தம் நியாயமானதே.

சுவிசேஷச் சபைகளுள் பல, 1974-இன் லோசான் உடன்படிக்கையைப் பின்பற்றி, இயற்கையில் தேவனைப் பற்றிய பொதுவான அறிவு உண்டெனினும் அஃது இரட்சிக்கமாட்டாது என்று இன்றும் கொள்கின்றன. 1989-இல் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் கூடிய உலகச் சபைகள் மன்றத்தின் மாநாடு, கிறிஸ்துவையன்றி வேறு இரட்சிப்பின் வழியைத் தாங்கள் காட்ட இயலாது, அதேவேளை தேவனுடைய இரட்சிக்கும் வல்லமைக்கு எல்லை வகுக்கவும் இயலாது என்று அறிவித்தது. மதுரையிலும் பின்னர்ச் சென்னையிலும் பேராயராய் இருந்த லெஸ்லி நியூபிகின் அவ்வாண்டு வெளியிட்ட நூலில், கடைசி நாளில் யார் இரட்சிக்கப்படுவர் என்று கணக்கிடுவதிலிருந்து விவாதத்தைத் தொடங்குதலே தவறு என்றும், அத்தீர்ப்பு தேவனுக்கே உரியது என்றும், கிறிஸ்துவைப் பற்றிச் சாட்சி பகர்வது நன்றியினாலும் அவருடைய மகிமைக்காகவும் செய்யப்படுவது என்றும் எழுதினார்.