வரையாடு

வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டுமே வாழும் காட்டாடு. 'வரை' என்றால் மலை. சங்கப் பாடல்களில் இதன் பெயர் வருடை. முதிர்ந்த கிடாவின் முதுகு வெளிறி, சேணம் பூட்டியது போலிருக்கும்.

கடல்மட்டத்திலிருந்து 1,200 முதல் 2,600 மீட்டர் வரை, சோலைக்காடுகளுக்கு இடையே கிடக்கும் புல்வெளியில் மேய்கிறது. பக்கத்திலேயே செங்குத்துப் பாறையும் வேண்டும். புலியோ செந்நாயோ வந்தால் ஏறித் தப்புவது அங்கேதான். முக்குருத்தி, ஆனைமலை, இரவிகுளம் ஆகியவை இதன் முக்கிய வாழிடங்கள்.

உயரம் இருந்தால் மட்டும் போதாது. சேர்வராயன் மலை 1,600 மீட்டரைத் தாண்டியும் அங்கே வரையாடு இல்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த அந்த மலையைச் சமவெளி தீவுபோலச் சூழ்ந்திருக்கிறது. பாறையை விட்டு வெகுதூரம் விலகாத ஆடு சமவெளியைக் கடப்பதில்லை.

வேறு மலைக்குப் போக முடியாத இந்த நிலையில்தான் காலநிலை மாற்றமும் கடிக்கிறது. வெப்பம் கூடினால் குளிர்ந்த வாழிடம் மேல்நோக்கி நகரும். உச்சியை எட்டியபின் நகர இடமில்லை. துருவக் கரடியோடு இதை ஒப்பிடலாம். அது கடல்பனியில் நின்று சீல் வேட்டையாடுகிறது. பனி உருகும் நாள்கள் நீள நீள அதன் பட்டினியும் நீள்கிறது. வரையாட்டுக்கோ காலடியில் மலை உருகாது, மேலே மலை தீர்ந்துபோகும். 2018இல் வெளியான ஓர் ஆய்வு, இதன் வாழிடத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு பறிபோகக்கூடும் என்று மதிப்பிட்டது. அது கணினி மாதிரியின் கணிப்பு. ஆனால் புல்வெளி சுருங்கக் கணிப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயர் காலத்திலிருந்து நட்ட சீகையும் தைலமரமும் நீலகிரிப் புல்லை ஏற்கெனவே பெருமளவு விழுங்கிவிட்டன. மந்தைகள் ஒன்றையொன்று எட்ட முடியாமல் துண்டுபட்டு நிற்கின்றன.

தமிழ்நாடு அரசு 2022இல் 25.14 கோடி ரூபாயில் வரையாடு திட்டத்தை அறிவித்தது. 1975இல் இவ்விலங்கை ஆராய்ந்து எழுதிய இ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாள். தமிழ்நாட்டுக் கணக்கெடுப்பில் 2024இல் 1,031, 2025இல் 1,303 ஆடுகள். இரண்டாம் முறை கூடுதல் இடங்களில் எண்ணினார்கள் என்பதால், கூடிய அத்தனையும் புதுக்குட்டிகள் அல்ல.