ஈதர்நெட் வழி மின்வழங்கலும் அதன் பங்கீடும்

கணினி வலையமைப்பில் தரவைக் கொண்டுசெல்லும் முறுக்கிணைக் கேபிளின் வழியாகவே, மறுமுனையில் உள்ள சாதனம் இயங்குவதற்கான நேர்திசை மின்சாரத்தையும் அனுப்பும் முறை ஈதர்நெட் வழி மின்வழங்கல் எனப்படுகிறது. தொழில் வழக்கில் இது பி.ஓ.இ. என்று அறியப்படும். ஓர் இணையின் இரு கம்பிகளிலும் ஒரே மின்னழுத்தம் ஏற்றப்படுவதாலும், தரவோ அக்கம்பிகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் கொண்டே படிக்கப்படுவதாலும், ஒன்று மற்றொன்றைக் குலைப்பதில்லை. தொலைபேசி நிலையத்தின் 48 வோல்ட் மின்கலத் தொகுதியிலிருந்தே வீட்டுத் தொலைபேசிகள் மின்சாரம் பெற்றுவந்த பழைய ஏற்பாட்டுக்கு இது நெருங்கிய உறவுடையது. ஐ.பி. தொலைபேசிகள் பரவத் தொடங்கிய 2000ஆம் ஆண்டுவாக்கில் சிஸ்கோ நிறுவனம் தனக்கென ஒரு முறையைக் கொண்டுவந்தது. பொதுத்தரமான ஐ.இ.இ.இ. 802.3ஏஎஃப் 2003இல் வெளிவந்தது.

மின்சாரத்தை அனுப்பும் சுவிட்ச், கேபிள் செருகப்பட்டவுடனேயே முழு மின்னழுத்தத்தையும் ஏற்றிவிடுவதில்லை. முதலில் 10 வோல்ட்டை ஒட்டியோ அதற்குக் கீழோ உள்ள சிறு அழுத்தத்தை அனுப்பி, மறுமுனையில் ஏறத்தாழ 25 கிலோஓம் மின்தடை தென்படுகிறதா என்று சோதிக்கிறது. அது தென்பட்டால்தான் அங்கே இருப்பது மின்சாரம் ஏற்கவல்ல சாதனம் என்று முடிவு செய்கிறது. சாதாரண மடிக்கணினியைத் தவறுதலாக அதே போர்ட்டில் செருகினாலும் கேடு நேராதிருப்பது இச்சோதனையால்தான். அடுத்து, அழுத்தத்தை 15 முதல் 20 வோல்ட் அளவுக்கு உயர்த்தி, சாதனம் இழுக்கும் மின்னோட்டத்தின் அளவிலிருந்து அதன் வகுப்பை அறிகிறது. வகுப்பு 1 எனில் 4 வாட், 2 எனில் 7 வாட், 3 எனில் 15.4 வாட் என்று சுவிட்ச் ஒதுக்கும். தன் தேவையைத் தெரிவிக்காத சாதனம் வகுப்பு 0இல் சேர்க்கப்பட்டு, அதற்கும் 15.4 வாட் ஒதுக்கப்படும். 2009இல் வந்த 802.3ஏடி இந்த உச்சத்தை 30 வாட்டாகவும், நான்கு இணைகளையும் பயன்படுத்தும் 2018ஆம் ஆண்டின் 802.3பிடி 90 வாட்டாகவும் உயர்த்தின.

போர்ட்டிலிருந்து புறப்படும் மின்திறன் முழுவதும் சாதனத்தைச் சென்றடைவதில்லை. முதல் தரம் 100 மீட்டர் தொலைவுக்கு 20 ஓம் மின்தடையைக் கணக்கில் கொள்கிறது. அதில் 350 மில்லிஆம்பியர் பாயும்போது 2.45 வாட் வெப்பமாக வீணாகி, 15.4 வாட்டில் 12.95 வாட் மட்டுமே மறுமுனையை அடையும். ஆகவே சாதனத்தின் பெட்டியில் அச்சிட்ட வாட் அளவையும் சுவிட்ச் ஒதுக்க வேண்டிய அளவையும் ஒன்றெனக் கொள்வது பிழையாகும்.

மேலாண்மையின் மையச் சிக்கல், சுவிட்சின் மொத்த மின்திறனை அதன் போர்ட்டுகளிடையே பங்கிடுவதுதான். பரவலாகப் புழங்கும் 370 வாட் கொள்ளளவைக் கொண்டு வகுப்பு 2ஐச் சேர்ந்த 48 தொலைபேசிகளை இயக்கிவிடலாம். அவையே வகுப்பை அறிவிக்காதவையாக இருந்தால் 24க்கு மேல் ஏற்க இயலாது. 30 வாட் கேட்பவையாக இருந்தால் 12தான் இயங்கும். ஒவ்வொரு வகுப்பின் உச்சத்தையும் நிலையாக ஒதுக்கிவைக்கும் முறை பாதுகாப்பானது, எனினும் ஐந்து வாட் மட்டுமே இழுக்கும் சாதனத்துக்காகப் பத்து வாட்டைச் சும்மா முடக்கிவைக்கிறது. உண்மையில் இழுக்கப்படும் மின்சாரத்தை அளந்து மிச்சத்தைப் பிறவற்றுக்குத் தரும் இயங்குநிலை முறை அந்த விரயத்தைத் தவிர்க்கிறது என்றாலும், எல்லாச் சாதனங்களின் தேவையும் ஒருசேர உயரும் இடங்களில் காலை வாரிவிடும்: பகலில் குறைவாக இழுக்கும் கண்காணிப்புக் கேமராக்கள் இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகளை ஒரே நேரத்தில் ஏற்றுவது இதற்குத் தெளிவான சான்று. நண்பகலில் எடுத்த அளவை நம்பிச் செய்த திட்டம் மாலையில்தான் சோதனைக்குள்ளாகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாக, எல்.எல்.டி.பி. என்னும் அண்டைச் சாதன அறிமுக நெறிமுறை வாயிலாகச் சாதனமும் சுவிட்சும் 0.1 வாட் நுட்பத்தில் பேரம் பேசி அளவை முடிவு செய்யவும் 2009ஆம் ஆண்டின் தரம் இடமளித்தது.

கையிருப்பு போதாதபோது எதை அணைப்பது என்பதை முன்னுரிமை தீர்மானிக்கிறது. 2003இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3621 ஆவணம் இன்றியமையாதது, உயர்வு, தாழ்வு என மூன்று நிலைகளை வகுத்துள்ளது. நிர்வாகி இவற்றை மாற்றாமல் விட்டால், பல சுவிட்சுகளில் குறைந்த எண்ணுள்ள போர்ட்டே முந்திக்கொள்ளும். வாயிற்கதவுப் பூட்டு 40ஆம் போர்ட்டிலும் வரவேற்பறைத் தொலைபேசி முதல் போர்ட்டிலும் இருந்தால் விளைவு விரும்பத்தக்கதாக இராது. சாதனம் கழற்றப்பட்டதை, அது தொடர்ந்து இழுக்க வேண்டிய 10 மில்லிஆம்பியர் அளவிலான மின்னோட்டம் நின்றுபோவதைக் கொண்டு சுவிட்ச் அறிந்து, அரை நொடிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. செயலிழந்து நிற்கும் கேமராவை ஏணி வைத்து ஏறாமலே போர்ட்டை அணைத்து இயக்கி மீட்பதும், அலுவலகம் மூடிய பின் தொலைபேசிகளை நேர அட்டவணைப்படி அணைப்பதும் இக்கட்டுப்பாட்டின் நடைமுறைப் பயன்கள்.

இந்தக் கணக்குகளில் பெரும்பாலும் மறக்கப்படுவது கேபிள். உயர் வாட் கேபிள்கள் பலவற்றை இறுகக் கட்டினால் நடுவில் உள்ளவை சூடேறி, மின்தடை உயர்ந்து, இழப்பு மேலும் பெருகும். அமெரிக்காவின் 2017ஆம் ஆண்டு தேசிய மின்விதித் தொகுப்பு கட்டின் பருமனுக்கேற்ப மின்னோட்ட வரம்புகளை அட்டவணையிட்டது இதனால்தான். செம்புப் பூச்சிட்ட அலுமினியக் கேபிள்கள் மலிவானவை. ஆனால் அவற்றின் மின்தடை செம்பைவிடக் கணிசமாகக் கூடுதல், தரமும் அவற்றை ஏற்பதில்லை. அத்தகைய கேபிளின் கோடியில் உள்ள கேமரா இரவில் மட்டும் அணைந்து அணைந்து எரிந்தால், சுவிட்சின் மேலாண்மைத் திரையில் மின்திறன் போதிய அளவு மிஞ்சியிருப்பதாகவே காட்டும்.