மூன்றாவது பெயர்

போன வாரம் எங்கே நிறுத்தினோம்? தக்கவைப்புப் பட்டியலில் முதல் பெயர் தோனி, 15 கோடி. இரண்டாவது பெயர் ரெய்னா, 11 கோடி. மூன்றாவது பெயரை எழுதப் பேனாவை எடுத்தார்கள்.

அந்தப் பெயர் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காக எதைக் கைவிட்டார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

இரண்டு ஆண்டுத் தடை என்றால் என்னவென்று முடிச்சூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2015 ஜூலையில் சென்னை சூப்பர் கிங்ஸுக்குத் தடை வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அடையாறு கரையை மீறி முடிச்சூருக்குள்ளும் வரதராஜபுரத்துக்குள்ளும் புகுந்தது. சேற்றைக் கழுவி, நனைந்த மெத்தையை மாடியில் காயப்போட்டு, மறுபடி எழுந்து நின்ற ஊருக்குக் கொஞ்சம் சந்தோஷம் தேவையாக இருந்தது. 2018இல் மஞ்சள் சட்டை திரும்பி வருகிறது என்றதும் ஏற்பட்ட பரபரப்பு சும்மா வந்ததல்ல.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பார்க்கில் இறங்கி, பறக்கும் ரயில் மாறிச் சேப்பாக்கம் போகிற அந்த வழியிலேயே மாம்பலம் வரும். மேற்கு மாம்பலத்தின் தெருவில் டென்னிஸ் பந்து ஆடி வளர்ந்தவர் அஸ்வின்.

நம்ம ஊர்ப் பையன்.

2011 இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். 206 ரன் இலக்கு. எதிரே கெய்ல், அந்த ஆண்டு பந்துவீச்சாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தவர். புதுப் பந்தை வேகப்பந்து வீச்சாளரிடம்தான் கொடுப்பார்கள். தோனி அஸ்வினிடம் கொடுத்தார். முதல் ஓவரிலேயே கெய்ல் பூஜ்யத்துக்கு அவுட், கேட்ச் பிடித்தவரும் தோனிதான். சேப்பாக்கம் அன்று அலறிய அலறல் அங்கிருந்தவர்களின் காதில் இன்னும் இருக்கும்.

அந்த அஸ்வினா? ஜடேஜாவா?

நிர்வாகத்தின் பக்கம் நின்று யோசிப்போம். ஜடேஜா இடக்கைச் சுழல் வீசுவார், கீழ் வரிசையில் அடிப்பார், அவர் கைக்குப் பந்து போனால் எதிரணி இரண்டாவது ரன்னை மறந்துவிடும். மூன்று வேலைக்கு ஒரே ஆள், 7 கோடி. அஸ்வினின் மூளை பெரியது, அவருடைய கேரம் பந்து இன்னும் பெரியது. ஆனால் இருபது ஓவர் ஆட்டத்தில் அவருடைய வேலை பெரும்பாலும் நான்கு ஓவரோடு முடிந்துவிடும். குடலிறக்கத்தால் 2017 தொடரையே ஆடாமல் விட்டவர் வேறு.

கணக்கு ஜடேஜாவைக் காட்டியது. மூன்றாவது பெயர் எழுதப்பட்டது.

அஸ்வினை ஏலத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் நம்பிக்கை. சென்னைக்கு வந்த தோனியே அவரை எடுக்க முயல்வோம் என்று சொன்னார். ரசிகர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். கையில்தான் ஆர்டிஎம் கார்டு இருக்கிறதே! யார் எந்த விலைக்குக் கேட்டாலும், அதே விலையைக் கொடுத்துப் பழைய வீரரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமே!

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு விதி ஒளிந்திருந்தது.

தக்கவைப்பு, கார்டு இரண்டையும் சேர்த்தாலும் இந்தியாவுக்கு ஆடிய வீரர்கள் மூன்று பேருக்கு மேல் கூடாது. தோனி, ரெய்னா, ஜடேஜா. மூன்று இடமும் நிரம்பிவிட்டது. மிச்சமிருந்த இரண்டு கார்டும் அஸ்வினுக்குச் செல்லாது.

ஜனவரி 27, சனிக்கிழமை. பெங்களூரு. மேடையில் ரிச்சர்ட் மேட்லி, கையில் சுத்தியல். சென்னை மேசையில் பயிற்சியாளர் ஃபிளெமிங். பஞ்சாப் மேசையில் பிரீத்தி ஜிந்தா, பக்கத்தில் சேவாக்.

முதல் பெயர் ஷிகர் தவான். பஞ்சாப் கை தூக்கியது, விலை 5.20 கோடிக்குப் போனது. மேட்லி ஐதராபாத் பக்கம் திரும்பினார். அவர்கள் கார்டைக் காட்டினார்கள். தவான் வீடு திரும்பினார்.

இரண்டாவது பெயர் அஸ்வின். அடிப்படை விலை 2 கோடி.

சென்னையும் கேட்டது. ஆனால் பணப்பையைப் பாருங்கள். 80 கோடியில் 33 கோடி மூன்று பேருக்கே போய்விட்டது, மிச்சம் 47. பஞ்சாப் அக்‌ஷர் பட்டேலை மட்டும் வைத்துக்கொண்டு 67.5 கோடியோடு வந்திருந்தது. இன்னும் ஓர் அணியையே கட்ட வேண்டியவர்கள், இரண்டாவது பெயரிலேயே எவ்வளவு தூரம் போவார்கள்?

விலை ஏறியது. சென்னை மேசையில் கை இறங்கியது.

7.60 கோடி. சுத்தியல் விழுந்தது. பஞ்சாப்!

தவானுக்குத் திரும்பியதுபோல் அஸ்வினுக்காக மேட்லி யார் பக்கமும் திரும்ப வழியில்லை. கதவு பெங்களூரில் சாத்தப்படவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பு, பட்டியல் கொடுத்த அன்றே சாத்தப்பட்டுவிட்டது.

கூடைப்பந்து பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. 2012இல் ஓக்லஹோமா அணி டுரான்ட், வெஸ்ட்புரூக், இபாகா மூவரையும் வைத்துக்கொண்டு, சம்பளக் கணக்கு இடித்ததால் ஜேம்ஸ் ஹார்டனை ஹூஸ்டனுக்கு அனுப்பியது. பின்னாளில் அவர் அந்த லீகின் மிகச் சிறந்த வீரர் விருதையே வாங்கினார். மூன்று பேரைத் தேர்ந்தெடுப்பவன் நான்காமவனையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறான், வெளியே அனுப்புவதற்கு.

அன்று சென்னை வாங்கியவர்களைப் பார்த்து ஊரே முகம் சுளித்தது. டுப்ளெஸ்ஸி 1.60 கோடி, பிராவோ 6.40 கோடி, அதோடு இரண்டு கார்டும் தீர்ந்தன. பத்து ஆண்டு மும்பைச் சட்டையில் நம்மை வெறுப்பேற்றிய ஹர்பஜன் 2 கோடி. அஸ்வின் இடத்தில் ஹர்பஜனா?

அதைவிடப் பெரிய அடி ஒன்று இருந்தது. கேதார் ஜாதவ், 7.80 கோடி.

அஸ்வின் போன விலையைவிட 20 லட்சம் அதிகம்! பணம் இல்லை என்று யார் சொன்னது? பணம் இருந்தது. அஸ்வின் பெயர் இரண்டாவதாக வந்தபோது செலவழிக்கத் துணிவு வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தணியவில்லை.

முப்பதைத் தாண்டியவர்களின் கூட்டம் என்று கிண்டல் கிளம்பியது. பஞ்சாபோ அஸ்வினைக் கேப்டனாகவே ஆக்கியது.

கணக்கு சரியா தப்பா? பரீட்சை ஏப்ரல் 7 அன்று, எதிரியின் கோட்டையில். வான்கடே. இலக்கு 166. விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்தன. கார்டு போட்டு மீட்ட பிராவோ ஒற்றை ஆளாக நின்று 30 பந்தில் 68 அடித்தார். பத்தொன்பதாவது ஓவரின் கடைசிப் பந்தில் அவரும் அவுட்.

ஒன்பது விக்கெட் போயாயிற்று. ஒரு ஓவர். 7 ரன்.

இனி யார் இருக்கிறார்கள்?

தொடைத் தசை பிடித்துக்கொண்டு பாதியில் வெளியேறியிருந்த ஒருவர் மட்டும்தான். ஓட முடியாது. நடப்பதே கஷ்டம். அவர் மட்டையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அந்த 7.80 கோடி, கேதார் ஜாதவ்.

முஸ்தஃபிசுர் பந்தோடு தயாராக நின்றார். முதல் பந்து... ரன் இல்லை. இரண்டாவது பந்து... அதிலும் இல்லை.

நான்கு பந்து. ஏழு ரன். ஓட முடியாத ஒரு மனிதர்.

(அடுத்த வாரம்)