தோட்டா மேசையும் அதன் தொழிலாளரும்: ஒரு வரலாற்று நோக்கு

படைக்கலங்களின் வரலாற்றை எழுதியோர் துப்பாக்கியைப் பற்றியும் அதனை ஏந்தியவனைப் பற்றியும் நிறையவே எழுதியுள்ளனர். அத்துப்பாக்கியுள் இடப்படும் தோட்டா எந்த மேசையின்மீது, எவருடைய கைகளால் ஆக்கப்பட்டது என்னும் வினா அவ்வரலாறுகளிற் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. மேசை ஒரு சடப்பொருள்தானே எனலாம். ஆயின், ஒரு தொழிலின் உற்பத்தி உறவுகள் அத்தொழிலாளர் அமரும் பலகையின் நீளத்திலும் உயரத்திலும் அதைச் சூழ்ந்திருப்போரின் தொகையிலும் பதிந்து கிடக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தோட்டா என்பது கடதாசிச் சுருளே. மரக்கோலொன்றின் முனையில் ஈயக்குண்டை வைத்து, அதைச் சுற்றிக் கடதாசியைச் சுருட்டி, நூலால் இறுக்கிக் கட்டி, பின் மருந்தை நிரப்பி வாயை மடித்துவிட்டால் தோட்டா முடிந்தது. இதற்கு வலிமை வேண்டியதில்லை. விரல்களின் விரைவே வேண்டும். பெண்களையும் சிறுவரையும் குறைந்த கூலிக்கு நீண்ட மேசைகளின் இருமருங்கும் அமர்த்துவதற்குத் தொழிலின் இத்தன்மை வாய்ப்பளித்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு காலாட்படைவீரன் தன் தோற்பெட்டியில் 40 தோட்டாக்களைச் சுமந்தான். இலட்சக்கணக்கான வீரர்களின் பெட்டிகளையும் நிரப்ப எத்தனை கைகள் எத்தனை மணிநேரம் அசைந்திருக்க வேண்டும் என்பதை வாசகர் கணித்துக் கொள்ளலாம்.

தோட்டா ஆக்கப்படும் இடத்துக்கும் அது பயன்படும் இடத்துக்கும் இடையிலுள்ள தூரம் அரசியல் முக்கியத்துவம் உடையது. 1857 ஜனவரியில், கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள தம்தம் படைக்கலச்சாலையின் தாழ்த்தப்பட்ட சாதித் தொழிலாளி ஒருவர் பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் குடிக்க நீர் கேட்டதாகவும், சிப்பாய் தன் செம்பைத் தர மறுத்ததாகவும், புதிய தோட்டாக்களிற் பூசப்படும் கொழுப்பைப் பற்றித் தொழிலாளி அப்போது கூறியதாகவும் கம்பனிப் பதிவுகள் கூறுகின்றன. சிப்பாய் பல்லாற் கடிக்கவேண்டிய பொருளில் என்ன கலந்திருந்தது என்பதை அறியத்தக்க நிலையில் இருந்தவர் மேசையருகே நின்றவரே. இக்கதையைச் சாதிப் பூசலாக மட்டும் வாசிப்போர் இதனைக் கவனிப்பதில்லை. அம்மாத இறுதியிலேயே, தோட்டாக்களைக் கொழுப்பின்றி வழங்கவும் சிப்பாய்கள் தாமே தமக்கு உகந்த பூச்சைப் பூசிக்கொள்ளவும் கட்டளை பிறந்தது. மேசை வேலையின் ஒரு சிறு பகுதி சிப்பாயின் கைக்குச் சென்றது. ஆனால் ஐயம் அகலவில்லை. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரைவீரர்கள் தொட மறுத்தவை பழைய வகைத் தோட்டாக்களே. மே 10 அன்று அங்கு கிளர்ச்சி வெடித்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் நிகழ்ந்த மூன்று வெடிவிபத்துகள் இம்மேசைகளின் வரலாற்றில் தனித்து ஆராயப்பட வேண்டியவை. முதலாவது, பிற்ஸ்பேர்க்கின் அலெகெனி படைக்கலச்சாலையில் 1862 செப்டெம்பர் 17 அன்று நிகழ்ந்தது. அங்கே முன்னர் வேலைசெய்த சிறுவர்களிடம் தீக்குச்சிகள் காணப்பட்டதால் அவர்களை நீக்கிப் பெண்களை அமர்த்தியிருந்தனர். நெருப்போ பின்னர் வெளியிலிருந்து வந்தது. கற்பாவிய பாதையிற் சிந்திக் கிடந்த மருந்தின்மீது குதிரையின் இலாடமோ வண்டிச்சக்கரத்தின் இரும்போ உராய்ந்து எழுந்த பொறியே காரணம் எனக் கருதப்பட்டது. 78 பேர் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் இளம்பெண்கள். பலரை அடையாளங் காணவும் இயலாது பொதுக்குழியிற் புதைத்தனர். மரண விசாரணை யூரிமார் படைக்கலச்சாலைத் தலைவர் கேணல் சிமிங்டன்மீது குற்றங் கண்டனர். இராணுவ விசாரணையோ அவரை விடுவித்தது. அதே நாளில் அன்டீற்றம் போர்க்களத்தில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தமையால் இம்மரணங்கள் செய்தித்தாள்களிலும் பின்னொதுக்கப்பட்டன.

இரண்டாவது நிகழ்ச்சி எமது பொருளுக்கு மிக நெருக்கமானது. 1863 மார்ச் 13, வெள்ளிக்கிழமை, றிச்மண்ட் நகரில் ஜேம்ஸ் ஆற்றிலுள்ள பிறவுண்ஸ் தீவில், தென்மாநிலக் கூட்டமைப்பின் ஆய்கூடத்தில் மேரி றையன் என்னும் இளம்பெண் பீரங்கிக்கான உராய்வுத் தீமூட்டிகளைத் தயாரித்துக்கொண்டிருந்தார். பலகையொன்றில் தீமூட்டி ஒன்று இறுகிவிட்டது. அதனைக் கழற்றும் பொருட்டுப் பலகையை மேசையில் அவர் தட்டினார், தீமூட்டி வெடித்தது. அவ்வெடி மட்டுமே நிகழ்ந்திருந்தால் இழப்பு சிறிதாகவே இருந்திருக்கும். ஆனால், அதே அறையில் பழுதான தோட்டாக்களைப் பிரித்து மருந்தை மீட்டெடுக்கும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. தளர்ந்த மருந்து தீப்பற்றியது. நாற்பதுக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுமியரும் இளம்பெண்களும், இறந்தனர். மேரி றையன் சில நாட்களின் பின் இறந்தார்.

விபத்தின் காரணமாக அந்த இளம்பெண்ணின் கையே பதிவாயிற்று. இன்றும் இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் அவருடைய பெயரோடுதான் தொடங்குகின்றனர். இதனை ஏற்பதற்கில்லை. உராய்ந்தால் வெடிக்கும் பொருளையும் திறந்து கிடக்கும் மருந்தையும் ஓரறையில் வைக்கத் தீர்மானித்தது மேரி றையன் அல்லர். முற்றுகைப் பொருளாதாரம் பழுதான தோட்டாவையும் வீசியெறிய அனுமதிக்கவில்லை. இடநெருக்கடி இரு வேலைகளை ஓரறைக்குள் தள்ளியது. சில வாரங்களுக்குள் வேலை மீண்டும் தொடங்கியது. வெற்றிடங்களை வேறு ஏழைக் குடும்பத்துப் பெண்கள் நிரப்பினர்.

மூன்றாவது, 1864 ஜூன் 17 அன்று வாஷிங்டன் படைக்கலச்சாலையில் நிகழ்ந்தது. வாணவெடிக்கான உருண்டைகள் வெயிலில் உலர வைக்கப்பட்டிருந்தன, அவை தீப்பற்றின. எரிந்த துண்டொன்று திறந்த சாளரத்தின் வழியே, பெண்கள் தோட்டாக்களுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்த மேசையில் வந்து வீழ்ந்தது. அக்காலத்து வளையப் பாவாடைகள் எளிதிற் பற்றின; நெருக்கமாக அமர்ந்திருந்தோர் எழுந்து ஓடவும் அவை தடையாயின. 21 பெண்கள் மாண்டனர். அவர்களுட் பலர் அயர்லாந்துக் குடியேறிகள். இறுதி ஊர்வலத்தில் ஜனாதிபதி லிங்கன் கலந்துகொண்டார்.

உலோகத் தோட்டா பரவியதும் இம்மேசையின் உருவமே மாறியது. 1866இல் இங்கிலாந்தின் பொக்சரும் அமெரிக்காவின் பேர்டனும் தத்தம் தீமூட்டி முறைகளை உருவாக்கினர். பொக்சரின் முறையில் பித்தளைக்கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. எரிந்த தீமூட்டியை ஊசியொன்றால் தள்ளி வெளியேற்றிவிடலாம். ஆங்கிலேயரின் இம்முறை அமெரிக்காவிலும் அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் நிலைபெற்றமை வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. அமெரிக்கப் பொதுமக்களிடையே வெற்றுக்கூட்டை மீளநிரப்பும் வழக்கம் வேரூன்றியதற்கு இத்தொழில்நுட்ப நிலைமையும் ஒரு காரணம். 1870களில் எருமை வேட்டைக்காரர் பாளையங்களில் ஈயம் உருக்கித் தோட்டா நிரப்பினர். 1884இல் விற்பனைக்கு வந்த ஐடியல் கைக்குறடு போன்றவற்றுக்கு மேசையே தேவைப்படவில்லை.

நெம்புகோல் பொருந்திய அழுத்துபொறி வந்தபின்னரே உறுதியான மேசை வேண்டப்பட்டது. சுடுகையில் விரிந்த பித்தளைக்கூட்டை உருக்கு அச்சினுள் நுழைத்துப் பழைய அளவுக்கு ஒடுக்குவதற்குப் பெரும் விசை தேவை. கைப்பிடியைக் கீழே இழுக்கும்போது மேசை முன்புறமாகச் சாய முயல்கிறது; மேலே உயர்த்தும்போது பின்புறமாக எழுகிறது. ஆதலால் தடித்த மேற்பலகை, சுவரோடு பிணைத்த பின்கால்கள், கீழ்த்தட்டிற் பாரம், பொறிக்கு நேர்கீழே ஒரு முட்டு ஆகியன வேண்டும். மருந்தை நிறுக்கும் நுண்தராசு அதே பலகையில் இருப்பின் அதன் நடுக்கமே அளவைப் பிழையாக்கும். தராசுக்குத் தனித்தட்டு அமைப்பது அறிவுடைமை. இவை யாவும் தச்சுப் பட்டறைக்காரர் நெடுங்காலமாய் அறிந்தவையே.

இங்கே அமர்பவர் ஒருவரே. அவர் தம் ஓய்வுநேரத்தில், தம் கருவிகளோடு, தாம் விரும்பிய வேகத்தில் வேலைசெய்கிறார். மீளநிரப்பும் கைந்நூல்கள் அவருக்குத் தவறாது கூறும் ஒரு விதி உண்டு: மேசைமேல் ஒரு வேளையில் ஒரே வகை மருந்து மட்டும் இருக்கவேண்டும்; தீமூட்டிகள் தம் பெட்டியிலேயே, மருந்திலிருந்து விலகி இருக்கவேண்டும். தனக்கான மேசையைத் தானே அமைப்பவனால் இவ்விதியைக் கைக்கொள்ள முடியும். பிறவுண்ஸ் தீவில் மேரி றையனுக்கு மேசையும் அறையும் அருகிருந்த மருந்தும் பிறரால் தீர்மானிக்கப்பட்டிருந்தன.

வாஷிங்டன் கொங்கிரஸ் இடுகாட்டில், லொட் பிளனெறி செதுக்கிய துயருறும் பெண்ணின் சிலையொன்று 1865 முதல் நிற்கிறது. இறந்த 21 பெண்களின் பெயர்களும் அதன்கீழ்ப் பொறிக்கப்பட்டுள்ளன.