ஆட்டம் என்னும் சொல்லும் மன்னார்க் கரையும்

ஆங்கிலத்தில் ‘பிளே’ என்றொரு சிறு சொல் உண்டு. குழந்தை மணலில் வீடு கட்டி மகிழ்வதும் பிளே; பந்தாடுவதும் பிளே; வாத்தியம் வாசிப்பதும், சூதில் பணம் வைப்பதும், மேடையில் வேடம் தரித்து நடிப்பதும் பிளே. நாடக நூலுக்கும் அதுவே பெயர். ஒரு சொல் இத்தனை செயல்களைத் தாங்குவது கண்டு நம் மாணவர் வியப்பதுண்டு. ஆனால் இவ்வியப்புக்காக அயல்மொழியை நாட வேண்டியதில்லை. நம்முடைய ‘ஆடு’ என்னும் வினையைப் பாருங்கள். நீரில் மூழ்குவது நீராடல், பேசுவது உரையாடல், விலங்கைக் கொல்வது வேட்டையாடல், பணயம் வைப்பது சூதாட்டம், மகிழ்ச்சி மிகுந்தால் கொண்டாட்டம், வறுமை மிகுந்தால் திண்டாட்டம், கைகூப்பி இரந்து நின்றால் மன்றாட்டு, எதிர்த்து நின்றால் போராட்டம்.

விளையாட்டை நம் முன்னோர் அற்பமானதாகக் கருதவில்லை. உவகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் ஒன்றாகத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் விளையாட்டையும் வைக்கிறது. இக்காலத்தில் ஒல்லாந்து அறிஞர் யோகான் ஹுய்சிங்கா 1938ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதி, பண்பாடே விளையாட்டில்தான் தோன்றி வளர்ந்தது என்று வாதிட்டார். விளையாட்டு அன்றாட வாழ்வுக்கு வெளியே நிற்பது, பொருள் ஆதாயம் கருதாதது என்பது அவர் தந்த இலக்கணம். பிரெஞ்சு அறிஞர் ரொஜே கையுவா 1958ஆம் ஆண்டில் இதை மறுத்தார். சூதாட்டத்தில் பொருள் கைமாறுகிறதே என்று கேட்டார். எனினும் ஆட்டத்தில் புதிய பொருள் எதுவும் உற்பத்தியாவதில்லை என்றும் சொன்னார்.

அப்படியானால் கைமாறும் பொருளை உற்பத்தி செய்தவர் யார்? இக்கேள்விக்கு விடை காண நாம் மன்னார்க் கரைக்கு வரவேண்டும்.

மன்னார் வளைகுடாவின் அடியில் செவல் பார், பெரிய பார், மோதரகம் பார் என்று பெயர் பெற்ற முத்துப் பார்கள் உள்ளன. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய கரையூர்களின் புகழ் இப்பார்களால் வந்தது. 1560இல் மன்னாரைப் பிடித்த போர்த்துக்கேயரும், 1658இல் வந்த ஒல்லாந்தரும், 1795இல் வந்த ஆங்கிலேயரும் இந்தக் கடலடியின்மீது கண் வைத்தவர்களே. 1798 முதல் 1805 வரை ஆளுநராக இருந்த பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைக் கண்காணிக்கத் தமக்கென அரிப்புக் கரையில் ஒரு மாளிகை கட்டினார். அதன் இடிபாடுகளை இன்றும் கடல் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டிருக்கிறது.

முத்துக்குளிப்பு நடந்த முறை இது. குளியாளர் கனத்த கல்லில் கட்டிய கயிற்று வளையத்தில் காலை ஊன்றி மூச்சடக்கிக் கடலடிக்குச் செல்வார். ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்தில் கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிப் பையில் இட்டு, மேலே வள்ளத்தில் நிற்பவர் இழுக்க எழும்புவார். அவர் இளைப்பாறும் வேளையில் அதே கல்லில் இன்னொருவர் இறங்குவார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் என்று நம்பப்பட்ட கடல்கட்டி கரையில் இல்லாவிட்டால் அவர்கள் கடலில் இறங்கமாட்டார்கள். பகுத்தறிவு பேசிய ஆங்கில அரசும் கடல்கட்டிக்கு ஊதியம் கொடுத்தது. மூடநம்பிக்கை வருவாயைப் பெருக்குமானால் ஏகாதிபத்தியத்துக்கு அதன்மேல் பகையில்லை!

கரைக்கு வந்த சிப்பிகளில் இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு குளியாளருக்கு. அரசின் பங்கு ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்பட்டது. சிப்பியைத் திறந்து பார்த்து எவரும் வாங்குவதில்லை. உள்ளே முத்து உண்டா இல்லையா என்பது வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. சிப்பியைத் திறவாமல் வாங்கி அதிர்ஷ்டம் பார்ப்பதை ஒருவகை லாட்டரி என்றே ராபர்ட் பெர்சிவல் தமது 1803ஆம் ஆண்டு நூலில் எழுதினார். சூதாட்டம் என்னும் பொருளில் மன்னார் முத்து ஒரு ‘பிளே’ ஆனது இவ்வாறுதான்.

அரசும் இந்த ஆட்டத்தில் ஒரு சூதாடியே. 1891க்குப் பின் 1903 வரை முத்துக்குளிப்பே நடக்கவில்லை. 1905இல் மறிச்சுக்கட்டியில் சுமார் எட்டுக் கோடிச் சிப்பிகள் அள்ளப்பட்டன. ஏறத்தாழ ஐயாயிரம் குளியாளர் கடலில் இறங்கினர். இந்த வேட்டையைக் கண்டு ஆசை மூண்டது. மறு ஆண்டே லண்டன் முதலாளிகளின் கம்பெனியொன்று பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சில ஆண்டுகளில் சிப்பி அற்றுப்போயிற்று, கம்பெனியும் கலைந்தது. பங்குதாரர் இழந்தது பணயப் பணம். குளியாளரோ மூச்சையே பணயம் வைத்தவர். ஒரே கடல், ஒரே சிப்பி. ஒருவனுக்கு அது ஆட்டம், மற்றவனுக்கு அது உயிர்ப்பாடு.

‘பிளே’ என்பதன் நாடகப் பொருளும் இக்கடலை விடவில்லை. 1863இல் பாரிஸ் நகரில் ஜோர்ஜ் பிசேயின் ‘முத்துக்குளிப்போர்’ என்னும் இசைநாடகம் அரங்கேறியது. கதை நிகழும் இடம் இலங்கை. ஆனால் அதை எழுதியவர்கள் முதலில் மெக்சிக்கோவையே களமாக நினைத்திருந்தனர். பின்னர் இலங்கைக்கு மாற்றினர். களத்தை இவ்வளவு எளிதாக மாற்ற முடிந்ததே உண்மையைச் சொல்லிவிடுகிறது. இரு நண்பர், ஒரு பெண், காதல், சபதம் ஆகியவை அந்நாடகத்தில் உண்டு. மூன்றில் ஒரு பங்கு கூலியும் ஏலக் கொட்டிலும் அதில் இல்லை.

கடலில் இறங்கிய மக்களுக்குச் சொந்த நாடகம் இல்லையா? உண்டு. மன்னார்க் கத்தோலிக்க மக்கள் யாழ்ப்பாணப்பாங்கு, மாதோட்டப்பாங்கு என்னும் இரு மரபுகளில் கூத்தாடி வந்திருக்கிறார்கள். வாசாப்பு என்னும் வடிவமும் அவர்களுடையது. பேசாலையில் கிறிஸ்துவின் பாடுகளை உருவப் பாவைகள் கொண்டு காட்டும் ‘உடக்குப்பாஸ்’ புகழ்பெற்றது. ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’, ‘மூவிராசாக்கள் நாடகம்’, ‘ஞானசவுந்தரி நாடகம்’ என்னும் மன்னார்க் கூத்துகளைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்தார். கற்றோர் ஏளனமாக நோக்கிய கூத்து அச்சேறியது அக்காலத்தின் சிறந்த முற்போக்குப் பணிகளுள் ஒன்று.

எம்பரதோர் என்பது பேரரசன் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. கோட்டை கட்டி இக்கரையை ஆண்டவனின் மொழியிலிருந்து வந்த அச்சொல்லை, பகலில் வலை இழுத்தவனும் வயல் உழுதவனும் இரவில் முடி சூடி ஆடிக்காட்டினார்கள். அண்ணாவியார் மத்தளம் தட்ட, விடியும்வரை அவன் அரசன். இந்த ஆட்டத்தில் ஏலம் இல்லை, குத்தகை இல்லை. ஆடுபவனும் பார்ப்பவனும் ஓரூரார். கூத்து அவர்களை விடுதலை செய்துவிட்டது என்று நாம் மிகைப்படுத்த மாட்டோம்; விடிந்தால் மீண்டும் வலைதான். ஆயினும் தம் உடலும் குரலும் பிறர் இலாபத்துக்கு மட்டும் உரியன அல்ல என்பதை ஆண்டுதோறும் அவர்கள் தமக்கே நினைவூட்டிக்கொண்டார்கள்.

பழைய சூது முடிந்துவிடவில்லை. முன்பு கடலடிச் சிப்பியைப் பார்த்த கண்கள் இப்போது தீவின் மணலைப் பார்க்கின்றன. கனிம மணல் அகழ்வுக்கும், தம் இசைவின்றி விரிவுபடுத்தப்படும் காற்றாலைத் திட்டங்களுக்கும் எதிராக 2025ஆம் ஆண்டில் மன்னார் மக்கள் தெருவில் இறங்கினர். காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது நல்லதே. ஆனால் எங்கே, எவ்வளவு, யாருடைய இசைவோடு என்பதைக் கரையில் வாழ்பவர்களைக் கேளாமல் தீர்மானிப்பது பழைய ஏலத்தின் மறுபதிப்பே.

ஒரு சொல்லின் பொருளை மாணவருக்குக் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் அதோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும்: இங்கே ஆடுபவர் யார், பணயமாக வைக்கப்பட்டவர் யார்? மன்னார்க் கரை ஆட்டத்தின் எல்லாப் பொருளையும் கண்டுவிட்டது. நீராடியது, கூத்தாடியது, திண்டாடியது, மன்றாடியது. போராட்டம் என்னும் சொல்லுக்குள்ளும் ஆட்டம் இருக்கிறது என்பதை அது இப்போது நமக்கு நினைவூட்டுகிறது.