செங்கம் நடுகற்கள்

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலைக்கும் தென்பெண்ணை ஆற்றுக்கும் இடைப்பட்ட செங்கம், தண்டராம்பட்டு வட்டாரங்களில், வழியோரங்களிலும் வயல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் நாட்டப்பெற்ற வீரர் நினைவுச் சிலைகள். பல்லவர் ஆட்சியில் முல்லை நிலமாக விளங்கிய இப்பிரதேசத்தில் கால்நடையே பிரதான செல்வமாதலின், ஆநிரை கவர வந்தாரோடும், அதை மீட்கச் சென்றும், ஊரைக் காக்க நின்றும் பொருது மடிந்தோருக்கு, வில்லும் குறுவாளும் ஏந்திய உருவைப் பலகைக் கல்லில் புடைப்பாகச் செதுக்கி, மன்னனின் ஆட்சியாண்டு, அவன்கீழ் நாடாண்ட வாணகோவரையர் போன்ற சிற்றரசர், வீரனின் பெயர், மரணத்தின் காரணம் ஆகியவற்றை வட்டெழுத்தில் பொறித்து வைப்பது வழக்கமாக இருந்தது.

இவற்றுள் எடுத்தனூர்க் கல் தனிச்சிறப்புடையது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் தன் எருமைகளைக் காத்துப் பட்ட கருந்தேவகத்தி என்னும் இளைஞனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் அவனது நாயும் பெயர் சொல்லப்பட்டு, அவனருகே உருவமும் வடிக்கப்பட்டிருக்கிறது. வாயில்லா ஜீவனின் விசுவாசத்தையும் சரித்திரமாக மதித்த அக்கிராமத்தாரின் உள்ளம் வணங்கத்தக்கது. அரசர்களின் மெய்க்கீர்த்திகளில் இடம்பெறாத எளிய சேவகர்களின் பெயர்கள் இக்கற்களாலன்றி நம்மை வந்தடைந்திரா.

நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள் முதலிய ஆறு படிகளாகத் தொல்காப்பியம் வகுக்கிறது. இவ்வட்டாரக் கற்களின் சாசனங்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1972இல் நூலாக வெளியிட்டது. பல கற்கள் இன்றும் வேடியப்பன் என்னும் பெயரில் பொங்கலிட்டு வழிபடப்படுகின்றன.