உரிமையின் எல்லை

தனி மனிதனுக்குச் சுதந்திரம் வேண்டும். சமுதாயத்திற்கு ஒழுங்கு வேண்டும். இவ்விரண்டையும் வேண்டா என்பார் எவரும் இலர். ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும் வேளையில் எதற்கு வழிவிடுவது? இவ்வினாவிற்குத் தத்துவ நூல்களில் விடை தேடுவோர் உண்டு. நான் இன்று அவ்விடையை நம் மாநிலத்தின் வரலாற்றில், திண்டிவனத்துப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் ஆட்சிக் காலத்திலிருந்து தொடங்கித் தேட விரும்புகிறேன்.

திண்டிவனத்தை அடுத்துள்ள சிற்றூர் ஓமந்தூர். அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. அங்கே உழவர் குடும்பமொன்றில் 1895ஆம் ஆண்டில் பிறந்தவர் ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்ரல் வரை அவர் சென்னை மாகாணத்தின் ஆட்சித் தலைவராய் விளங்கினார். முதலமைச்சர் என்று இன்று நாம் வழங்கும் பதவிக்கு அப்போது பிரதமர் என்று பெயர். சென்னையில் ஓமந்தூரார் தோட்டம் என்னும் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அது இவரை நினைவூட்டும் பெயரே. நாடு விடுதலை பெற்றதும் இவர் ஆட்சியின்போதுதான். அந்நியர் போய்விட்டனர், இனி நம்மவருள் யாருக்கு என்ன சுதந்திரம் என்னும் கேள்வி மிஞ்சி நின்றது.

முதலில் கோயிலை எடுத்துக்கொள்வோம். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மக்கள் நம் கோயில்களுள் நுழைய இயலாத காலம் அது. 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரையில் வைத்தியநாத ஐயர், கக்கன் முதலியோருடன் மீனாட்சியம்மன் கோயிலுள் சென்று வழிபட்டார். அதனை ஒட்டி அவ்வாண்டிலேயே இராஜாஜி அரசு ஒரு சட்டம் இயற்றியது. வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று அறங்காவலர் கருதினால், அரசின் இசைவோடு கோயிலைத் திறந்துவிடலாம் என்பது அதன் சாரம். கதவு திறந்தது மெய்யே. ஆனால் சாவி உள்ளே இருப்பவர் கையிலேயே இருந்தது. வெளியே நிற்பவனின் உரிமை, உள்ளே இருப்பவனின் மனம் இரங்குவதைப் பொறுத்ததாயிற்று.

ஓமந்தூரார் ஆட்சியில், 1947ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த கோயில் நுழைவுச் சட்டம் இந்நிலையை மாற்றியது. இந்துக்கள் பொதுவாக வழிபடும் கோயிலுக்குள் எவ்வகுப்பைச் சேர்ந்த இந்துவும் சென்று வழிபடலாம். அதற்கு எவருடைய சம்மதமும் வேண்டுவதில்லை என்று அது வகுத்தது.

இதற்கு எதிர்ப்பு எழாமல் இல்லை. 'எங்கள் கோயிலை எங்கள் மரபுப்படி நடத்துவது எங்கள் சுதந்திரம் அன்றோ?' என்று கேட்டனர் சிலர். இக்கேள்வியை எளிதில் தள்ளிவிடலாகாது. அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த தென்கன்னட மாவட்டத்தில், முல்கி என்னும் ஊரிலுள்ள வேங்கடரமணர் கோயிலின் அறங்காவலர் 1949ஆம் ஆண்டில் இதனை வழக்காகவே தொடுத்தனர். அது கௌட சாரசுவதப் பிராமணர் தமக்கென நிறுவிய கோயில். 1957ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி வேங்கடராம ஐயர். கருநாடக இசையிலும் பெரும் புலமை வாய்ந்தவர். கோயில் அவ்வகுப்பாருடையதே என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும், எல்லா இந்துக்களும் நுழையும் உரிமையே மேலோங்கும் என்றது. அத்துடன் நில்லாமல், அவ்வகுப்பார் மட்டுமே கூடிச் செய்யும் சில சடங்குகளை அவர்கள் தமக்கென வைத்துக்கொள்ளலாம் என்றும், அவை போகப் பொதுமக்களுக்கு எஞ்சும் வழிபாட்டுரிமை பெயரளவினதாய் இராமல் கணிசமாய் இருத்தல் வேண்டும் என்றும் வரையறுத்தது. ஒருவர் உரிமையை அழித்து மற்றவர்க்கு உரிமை தருவதன்று இது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வாழுமாறு எல்லை கட்டுவது.

இரண்டாவது சட்டம் தேவதாசி முறை பற்றியது. சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க, சென்னைச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நெடிது போராடினார். கோயில் பணிக்கு ஈடாக அப்பெண்கள் அனுபவித்து வந்த மானிய நிலங்களை, பணியிலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரியதாக்கும் சட்டம் 1929இல் நிறைவேறியது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை அவர் 1930இல் கொணர்ந்தார். அது சட்டமானது 1947இல், ஓமந்தூரார் ஆட்சியில்தான். இங்கும் எதிர்ப்பு இருந்தது. தேவதாசிகளுள்ளேயே சிலர், தம் வாழ்வும் கலையும் பறிபோகும் என்று முறையிட்டனர். அவர்கள் அச்சம் பொய்யன்று. ஆயினும், தன் வாழ்வைத் தானே தேர்ந்துகொள்ளும் வயதை எட்டாத சிறுமிக்காகப் பிறர் முடிவு செய்வது அவளுடைய சுதந்திரம் ஆகுமா? நிலத்தை அவர்களுக்கே விட்ட முந்தைய சட்டத்தையும் நாம் இங்கே நினைக்க வேண்டும். ஒரு வழக்கத்தை நிறுத்தும் சமுதாயம், அவ்வழக்கத்தால் வாழ்ந்தவர்க்குச் சோற்றுக்கு வழி செய்யக் கடமைப்பட்டது.

இவ்விரு சட்டங்களும் சிலரைத் தடுத்தன. தடுத்ததனால் வேறு சிலர் விடுதலை பெற்றனர். அவர் யாரென்று நம்மால் சுட்டிக் காட்ட முடியும்: வாயிலில் நின்றவன், பொட்டுக்கட்ட இருந்த சிறுமி.

ஆனால் அதே காலத்தில் வேறொரு வகைச் சட்டமும் சென்னையில் இருந்தது. ஓமந்தூரார் பதவியேற்குமுன்பே, 1947இன் தொடக்கத்தில், பொது ஒழுங்கைக் காக்கவென்று ஒரு சட்டம் பிறந்திருந்தது. அவர் ஆட்சியிலும் அது நீடித்தது. பொதுவுடைமைக் கட்சியினர் பலர் விசாரணையின்றிச் சிறையில் வைக்கப்பட்டனர். நாம் போற்றும் ஆட்சியாயினும் இதனை மறைத்தல் வரலாறு ஆகாது.

ஓமந்தூரார் 1949இல் பதவி விலகி, பின்னர் வடலூரில் தொண்டு செய்து, 1970இல் மறைந்தார். ஒழுங்குச் சட்டங்களின் கதை மட்டும் அவர் விலகிய பின்னும் தொடர்ந்தது. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் வார இதழ் சென்னை மாநிலத்துள் வரக் கூடாதென 1950 மார்ச்சு மாதம் அரசு தடுத்தது. அதே மாதம், மக்கள் கல்விச் சங்கம் என்னும் அமைப்பைச் சட்ட விரோதமானது என்றும் அறிவித்தது. இரண்டும் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. இரண்டிலும் தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. முன்னர்ச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாய் இருந்தவர். பொது ஒழுங்கு என்னும் பரந்த சொல்லைக் காட்டிப் பத்திரிகையின் வாயை அடைக்க அரசியல் சட்டம் இடந்தரவில்லை என்று 1950 மே மாதம் தீர்ப்பாயிற்று. அதன் பின்னர் 1951இல் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. பேச்சுரிமைக்குப் பொது ஒழுங்கின் பொருட்டுக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்று அது சேர்த்தது. கூடவே, கட்டுப்பாடு நியாயமானதாய் இருத்தல் வேண்டும் என்னும் சொல்லையும் சேர்த்தது.

அந்த நியாயம் என்பது யாது? 1952இல் சங்கத்தின் வழக்கில் அதற்கு விளக்கம் கிடைத்தது. பறிக்கப்படும் உரிமை எத்தகையது, தடுக்கக் கருதும் தீமை எவ்வளவு பெரிது, எவ்வளவு உடனடியானது, மருந்து நோய்க்கு மிஞ்சியதா, தடுக்கும் முறை எத்தகையது என்பனவெல்லாம் எண்ணிப் பார்க்கத்தக்கவை என்றது நீதிமன்றம். முறையான நீதி விசாரணைக்கு வழியின்றி ஒரு சங்கத்தைத் தடை செய்த சட்டப்பகுதி செல்லாதெனத் தள்ளுண்டது.

மாணவ நண்பர்களே, இவ்விருவகைச் சட்டங்களும் ஒரே சொல்லைத்தான் வாயில் கொண்டிருந்தன: சமுதாய நன்மை. முன்னவை நிலைத்தன, பின்னவற்றின் பகுதிகள் வீழ்ந்தன. வேறுபாட்டை நான் இரண்டு வினாக்களாகச் சுருக்கிக் காண்கிறேன். இத்தடையினால் சுதந்திரம் பெறுபவன் யார் என்று சுட்ட முடியுமா? தடுக்கப்படுபவன் தன் வழக்கைச் சொல்ல ஓர் இடம் உண்டா? கோயிலை மூட நினைத்தவர்க்கும் நீதிமன்றம் திறந்திருந்தது. அவர்கள் நியாயத்தில் இருந்த பங்கும் அவர்களுக்குக் கிடைத்தது. சங்கம் நடத்தியவர்க்கோ, தடை விதிக்கப்படுமுன் அவ்வாய்ப்பு மறுக்கப்பட்டது.

'என் இஷ்டம்' என்று சொல்பவனை நோக்கி, அந்த இஷ்டத்தால் வாயிலுக்கு வெளியே நிற்பவன் யார் என்று கேளுங்கள். 'ஊர் நன்மைக்காக' என்று சொல்பவனை நோக்கி, தடுக்கப்பட்டவனைப் பேச விட்டீர்களா என்று கேளுங்கள். இவ்விரண்டு கேள்விகளையும் ஒருசேரக் கேட்கத் துணிபவரே சுதந்திர நாட்டின் குடிமக்கள்.